கோர்ட்டில் தோற்றவர் ஓட்டில் ஜெயித்தார்!

டொராண்டோ மேயரின் விசித்திர வாழ்க்கை

கனடா நாட்டின் பெரிய நகரம் டொராண்டோ. ஒரு காலத்தில் அந்த நகரின் மேயராக 6 தடவை இருந்தவர் ஜான் ஜார்ஜ் போஸ்.

பெயரைக் கேட்டதும் வங்காளிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் அயர்லாந்துக்காரர். மோனகன் ஜில்லாவில், குளோன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1812-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர்.

கடைப் பையன்

1833-ல் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். அப்போது கனடா, இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. டொராண்டோவுக்கு அன்று யார்க் என்று பெயர். அடுத்த ஆண்டுதான் அது "நகரம்" ஆயிற்று, பெயரும் மாறியது.

உறவினர் ஒருவரின் கடையில் போஸ் வேலைக்கு அமர்ந்தார். பிறகு ஹால் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து மொத்த ஜவுளி வியாபாரம் தொடங்கினார். பணம் சேர்ந்தது. பெயரும் வந்தது. நகரசபைக்குள் நுழைந்தார். 1851-ல் மேயர் ஆனார். அந்த நாளில் மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நகரசபை அங்கத்தினர்களே தேர்ந்தெடுப்பார்கள். 1852, 1853-லும் அவரே மேயர்.

ரெயில் வந்தது

நகரில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் வசித்தார்கள். ரெயில் இல்லை. வடக்கே உள்ள ஏரிக்கு ரெயில் பாதை போட ஒரு கம்பெனி முன்வந்தது. நகரசபை அதற்கு உதவ முடிவு செய்தது. ரொக்கமாக அல்ல, நகரத்தின் கடன் பத்திரங்களாக!

1853 மே 16-ந் தேதி முதல் ரெயில் ஓடியது. ஜனங்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதற்கு முன்பே, திரை மறைவில், வேறொரு காரியம் நடந்து முடிந்திருந்தது.

பத்திர வியாபாரம்

ரெயில் காண்டிராக்டர்கள் கையில் பத்திரம் இருந்தது. அவர்களுக்கு வேண்டியதோ பணம். பத்திரத்தில் 100 பவுன் என்று எழுதியிருந்தாலும், விற்கப் போனால் 80 பவுன்தான் கிடைத்தது. 50 ஆயிரம் பவுன் பத்திரங்களை அந்தக் குறைந்த விலைக்கு யாரோ வாங்கினார்கள்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. பழைய பத்திரங்களை முழு விலை கொடுத்து மீட்க அந்தச் சட்டம் வழி செய்தது. 80-க்கு வாங்கியவருக்கு 100!

வாங்கியவர்கள் யார்? ஒருவர், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஹிங்க்ஸ். மாகாணத்தின் முதல் மந்திரி. மற்றவர், நகரத்தின் சார்பில் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட மேயர் போஸ்!

தமக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று போஸ் சொல்லி வந்தார். 1853-ல் கோர்ட்டு விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. செலவு போக 8 ஆயிரம் பவுனுக்கு மேல் லாபம். ஆளுக்குப் பாதி. ஊரார் இதற்கு "பத்தாயிரம் பவுன் விவகாரம்" என்று பெயர் வைத்தார்கள். வெட்கப்பட்ட சில அங்கத்தினர்கள் நகரசபையை விட்டே விலகினார்கள்.

நீதிபதியும் அயர்லாந்துக்காரர்

போஸ் மீது வழக்கு நடந்தது. நகரத்துக்கு ஒரு காசும் நஷ்டம் இல்லையே என்று அவர் வாதாடினார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது!

தலைமை நீதிபதி பிளேக் அதை ஏற்கவில்லை. மேயர் என்பவர் ஊர்ச் சொத்துக்குக் காவல்காரர். நஷ்டம் உண்டோ இல்லையோ, அந்தப் பதவியை வைத்து லாபம் சம்பாதிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. போஸ் தம் பங்கை நகரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். குற்றம் செய்தவர், கூட்டாளி ஹிங்க்ஸ், தீர்ப்புச் சொன்னவர்—மூவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்பது வேடிக்கை.

போஸ் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1858-ல் அங்கும் தோற்றார். பொதுப் பதவியில் இருப்பவர்கள் பற்றிய வழக்குகளில், பிற்காலத்து வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள்.

மீண்டும் மேயர்

இத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை! வழக்கு நடந்துகொண்டிருந்த 1854-லேயே டொராண்டோ மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை பிறகு வந்தது. 1861-ல் போஸ் நின்றார். ஜெயித்தார். 1862, 1863-லும் ஜெயித்தார். விவரம் தெரியாமல் போட்ட ஓட்டு அல்ல. விவகாரம் ஊருக்கே தெரியும். பேச்சில் கெட்டிக்காரர், ஊருக்கு ரெயில் கொண்டுவந்தவர் என்று அவருக்கு ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. 1861 செப்டம்பரில் நகரில் குதிரை டிராம் ஓடத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

1864 ஜனவரித் தேர்தலில் மெட்காப் என்பவரிடம் தோற்றார். அவரும் ஓர் அயர்லாந்துக்காரர்! அதே ஆண்டு மே 20-ந் தேதி, டொராண்டோவில் போஸ் காலமானார்.