நெப்போலியனும் சட்ட நூலும்

கோர்சிகா தீவில் 1769ஆம் ஆண்டு பிறந்த நெப்போலியனை உலகம் பெரும் போர்வீரராகவே அறியும். ஆயினும் அவருடைய வெற்றிகள் அனைத்தையும்விட நீண்டநாள் நிலைத்தது ஒரு சட்ட நூலேயாகும்.

அவர் பிறந்தபோது பிரான்சு நாட்டிற்குப் பொதுவான சட்டம் இல்லை. தெற்கே பழைய உரோமானியச் சட்டம் வழங்கியது. வடக்கே வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்ட வழக்காறுகளே சட்டமாயின. தெற்கில் தந்தை தாம் விரும்பிய பிள்ளைக்குப் பெரும்பங்கை எழுதிவைக்கலாம்; வடக்கில் பல ஊர்களில் அவ்வுரிமை இல்லை.

ஆட்சியைக் கைப்பற்றிய நெப்போலியன், 1800இல் சட்ட அறிஞர் நால்வரைக் குழுவாக அமர்த்தினார். அவர்களின் வரைவை ஆராய்ந்த கூட்டங்கள் பலவற்றிற்கு அவரே தலைமை தாங்கினார். 1804 மார்ச் 21 அன்று 2281 பிரிவுகள் கொண்ட நூல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் வந்த சலுகைகளுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கோ அந்த நீதி எட்டவில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதே நூல் விதித்தது. அவ்விதி நீங்க 1938 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவருடைய படைகள் சென்ற இத்தாலிக்கும் போலந்துக்கும் இச்சட்டமும் சென்றது. இங்கிலாந்தில் நீதிபதிகளின் முந்தைய தீர்ப்புகளே தொடர்ந்து வழிகாட்டின. செருமனி 1900இல் தனக்கென வேறொரு தொகுப்பை நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பாவில் சட்டங்கள் இன்றும் பலவே.

1815இல் வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் செயிண்ட் எலினா தீவில் சிறைவைக்கப்பட்டார். அங்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1819இல், அவருடைய சட்டம் கடல் கடந்து புதுச்சேரியை அடைந்தது. அங்கும் இந்தியர் தம் வழக்காறுகளைப் பின்பற்ற இடம் தரப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார்.