ரூடால்ப் டீஸல்

நமது கல்லூரித் தோட்டத்திற்கு மணலும் எருவும் சுமந்து வரும் பழைய டீஸல் பிக்கப் வண்டியை அறியாத மாணவர் இலர். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாட்காலை அவ்வண்டி கிளம்ப மறுத்து, விடுதியின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பாட்டரியில் வலு இருந்தது. ஸ்டார்ட்டர் எஞ்சினை நன்றாகவே சுழற்றியது. ஆயினும் எஞ்சின் உயிர்பெறவில்லை. அழைப்பிற்கிணங்கி வந்த முதிய மெக்கானிக், எதனையும் கழற்றுமுன் புகைக்குழாயின் பக்கம் சென்று நின்றார். வெண்புகையின் சுவடு தானும் அங்கே காணப்படவில்லை. எண்ணெய் சிலிண்டரை எட்டவேயில்லை என்று அவர் அக்கணமே முடிவு கட்டினார். எட்டியும் எரியாதிருந்தால், அது வெண்புகையாக வெளிவந்திருக்கும் என்பது அவர் கூறிய நியாயம். பின்பு பில்டரின் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினார். எண்ணெய்க்குப் பதிலாக நுரையே பொங்கிற்று. எண்ணெய்க் குழாயினுள் காற்றுப் புகுந்துவிட்டது. அக்காற்று எவ்வழியாகப் புகுந்தது என்பதைத் தேடுவதிலே அன்றைய முற்பகல் முழுதும் கழிந்தது.

சூழ நின்ற மாணவர் சிலர் டீஸல் என்பது எண்ணெயின் பெயர் என்றும், வேறு சிலர் அஃது ஒரு கம்பெனியின் பெயர் என்றும் தம்முள் வழக்காடிக்கொண்டிருந்தனர். அஃது ஒரு மனிதரின் பெயர் என்று நாம் சொல்லியபோது அவர்கள் முகத்திலே தோன்றிய வியப்பே இவ்வரலாற்றை எழுத நம்மைத் தூண்டியது.

ரூடால்ப் டீஸல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் நகரத்திலே பிறந்தார். அவருடைய தந்தையார் தியோடர், பவேரியா நாட்டு ஆக்ஸ்பர்க் நகரினின்றும் பிழைப்பு நாடிப் பாரிஸ் சென்ற புத்தகம் கட்டும் தொழிலாளர்; பின்னர்த் தோற்சாமான்கள் செய்து விற்றவர். 1870-ஆம் ஆண்டில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டபோது, பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர் பலர் வெளியேற நேர்ந்தது. டீஸல் குடும்பத்தார் லண்டன் மாநகரம் சேர்ந்தனர். அங்கே வறுமை மிகவே, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ரூடால்பை ஆக்ஸ்பர்க்கிலிருந்த உறவினர் வீட்டிற்குத் தனியே அனுப்பிவிட்டனர். அவ்வீட்டுத் தலைவர் பார்னிக்கெல் என்பவர் தொழிற்பாடசாலையொன்றிலே கணித ஆசிரியர். தாய் தந்தையரைப் பிரிந்த பிள்ளைக்குக் கணிதமே துணையாயிற்று. பதினான்காம் பிராயத்திலேயே தாம் எஞ்சினியராவதென்று அவர் உறுதி கொண்டார்.

விரைவில் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டுமென்பதே பெற்றோர் விருப்பம். மகனோ 1875-ஆம் ஆண்டில் மூனிச் நகரத்துப் பாலிடெக்னிக்கிலே உபகாரச் சம்பளம் பெற்று, அவர்கள் சொல்லையும் மீறிச் சேர்ந்துவிட்டார். இவ்விடயத்தில் பெற்றோரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை; நமது மாணவர் வீடுகளிலும் இந்த வழக்கு ஆண்டுதோறும் நடைபெறுவதை நாம் அறிவோம்.

மூனிச்சில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லின்டே. குளிர்பதன யந்திரங்களைச் சீர்படுத்திப் புகழ்பெற்ற அறிஞர் அவரே. 1878-ஆம் ஆண்டில் ஒரு நாள், நீராவி யந்திரம் தான் உண்ணும் உஷ்ணத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கினையே வேலையாக மாற்றுகிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். மற்றை மாணவர் அதனைக் குறிப்பெடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்திருப்பர். டீஸலோ தமது நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், இதனினும் சிறந்த முறை நடைமுறையிற் கூடுமா என்று ஆராய வேண்டுமெனக் குறித்து வைத்தார். அக்குறிப்பு பதினான்கு ஆண்டுகள் அவரை உறங்கவிடவில்லை.

1879-ஆம் ஆண்டில் விஷ ஜுரம் கண்டு பரீட்சையைத் தவறவிட்டு, இடைக்காலத்தில் சுவிட்ஸர்லாந்தின் ஸூல்ஸர் தொழிற்சாலையிலே கைவேலை பழகி, 1880-ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்மையாகத் தேறினார். பின்பு லின்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலைக்காகப் பாரிஸில் உழைத்தார். 1883-ஆம் ஆண்டில் மார்த்தா என்னும் மங்கையை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியைக் கொண்டு யந்திரம் செய்யப் பல ஆண்டுகள் முயன்றதும், அது கைகூடாமற் போனதும் இக்காலத்து நிகழ்ச்சிகள். 1890-இல் பெர்லின் நகரில் குடியேறினார்.

அவர் கண்ட கருத்து சொல்வதற்கு எளிது. காற்றை மிகுதியாக அமுக்கினால் அது சூடாகும். மலாய் நாட்டார் ஒரு சிறு குழலினுள் தண்டினை விசையுடன் அடித்து, உள்ளே வைத்த பஞ்சிலே தீயுண்டாக்குவது இவ்வுண்மையைக் கொண்டே. ஆகவே சிலிண்டரினுள் வெறுங்காற்றையே அமுக்கி, அது பழுக்கச் சூடேறிய தருணத்திலே எரிபொருளை உட்செலுத்தினால், தீப்பொறியின் உதவியின்றியே அது பற்றிக்கொள்ளும். 1892-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதற்குப் பேடண்ட் விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் யந்திரசாலையின் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் முதலில் தயங்கியும், பின்னர் இசைந்து இடமும் ஆட்களும் தந்தார். கிருப் கம்பெனியாரும் பொருளுதவி செய்தனர்.

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற் சோதனை நடந்தது. எரிபொருள் உட்சென்றதும் பெருஞ்சத்தத்துடன் வெடித்து, அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகிருந்தோர் உயிர்தப்பினர். யந்திரம் தானாக ஓடவில்லை. எனினும் அமுக்கிய காற்றிலே எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும் என்பது மெய்ப்பட்டது. 1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், திருத்திய யந்திரம் சுமார் ஒரு நிமிடம் தன் வலிமையாலேயே சுழன்றது. அந்த ஒரு நிமிடத்திலிருந்து விற்பனைக்குத் தகுந்த யந்திரம் பிறக்க மூன்று ஆண்டுகள் சென்றன.

அம்மூன்று ஆண்டுகளையும் விழுங்கிய வினா யாது? தீயைப் பற்றியதன்று, எண்ணெயைப் பற்றியது. 30 வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தோடு காற்று அடைபட்டிருக்கும் ஓர் அறைக்குள், அதனினும் மிக்க விசையோடு, நெற்கதிரின் பனித்துளி போன்ற சிறு அளவு எண்ணெயை, குறித்த கணத்திலே, புகைபோல நுண்ணியதாகச் சிதறச் செய்து அனுப்ப வேண்டும். அளவு மிகுந்தால் கரும்புகை எழும். குறைந்தால் வலுவில்லை. காலம் முந்தினால் எஞ்சின் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டும். துளைமூடும் ஊசியிலே சிறிது கசிவு இருந்தாலும் துளிகள் சொட்டிக் கரியேறும். நமது பிக்கப் வண்டியின் மெக்கானிக் நாள்தோறும் எதிர்ப்படும் நோய்கள் யாவும் இவைதாமே! பம்பினால் நேராகச் செலுத்தும் முறையை டீஸல் முயன்று பார்த்தார். அக்காலத்துக் கடைசல் வேலையின் நுட்பம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. முடிவில், தனியாக ஒரு காற்றமுக்கியை யந்திரத்தோடு பூட்டி, சிலிண்டரிலுள்ளதினும் மிக்க அழுத்தமுடைய காற்றைக்கொண்டு எண்ணெயை ஊதித் தள்ளும் முறையைக் கையாண்டார். அதனால் வெற்றி கிடைத்தது. ஆனால் யந்திரம் பெரும்பாரம் உடையதாயிற்று.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மூனிச் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரேட்டர் அந்த யந்திரத்தை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறுவது தெரியவந்தது. உலகெங்குமிருந்து உரிமை வாங்குவோர் விரைந்தனர். அமெரிக்கச் செல்வர் அடால்பஸ் புஷ், தம் நாட்டு உரிமைக்காகப் பத்து இலட்சம் மார்க்குகள் கொடுத்தார். ருஷ்ய நாட்டு உரிமையை இமானுவேல் நோபெல் பெற்றார். நாற்பது வயதாகுமுன் டீஸல் இலட்சாதிபதியாகிவிட்டார்.

ஆனால் சோதனைச் சாலையில் ஓடும் யந்திரம் வேறு, தொழிற்சாலையில் ஓடும் யந்திரம் வேறு. கெம்ப்டன் நகரத்துத் தீக்குச்சித் தொழிற்சாலைக்கு 1898-இல் சென்ற முதல் விற்பனை யந்திரமே தொல்லைகள் பல கொடுத்தது. எண்ணெயைச் சிதறச் செய்யும் உறுப்பிலே நுண்ணிய கம்பிச் சல்லடை வைத்திருந்தனர். அஃது அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. பின்னர் துளையிட்ட தகடுகளை அடுக்கிய உறுப்பினால் அக்குறை நீங்கிற்று. அதற்குள் ஆக்ஸ்பர்க்கில் டீஸல் பெயராலேயே எழுந்த ஒரு தொழிற்சாலை நொடித்துவிட்டது. உரிமை வழக்குகளும் ஓயாத பிரயாணங்களும் சேர்ந்து அவருடைய நரம்புகளைத் தளர்த்த, மருத்துவ இல்லத்திலே தங்கி இளைப்பாற நேர்ந்தது.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நிகழ்ந்த ஒன்று நம்மவர்க்குச் சுவையாயிருக்கும். ஆட்டோ கம்பெனியார் அங்கே வைத்த சிறு டீஸல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடியது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலே விளையும் கடலையைப் பயன்படுத்தலாமோ என்று பிரெஞ்சு அரசாங்கத்தார் எண்ணியதே அதற்குக் காரணம். பார்த்தவருள் பலர் வேற்றுமையை உணரவேயில்லையாம்.

பட்டறைக்காரரும் சிறு தொழிலாளரும் பெரு முதலாளிகளுக்கு அடிமையாகாமல் தம் வீட்டிலேயே வைத்து ஓட்டக்கூடிய சிறு யந்திரம் வேண்டுமென்பது டீஸலின் இளமைக் கனவு. 1903-ஆம் ஆண்டில் ஒற்றுமைப் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார்; சில நூறு பிரதிகளே விலைபோயின. காற்றமுக்கியின் பாரத்தால் அவருடைய யந்திரமும் கப்பல்களுக்கும் பெருஞ்சாலைகளுக்குமே உரியதாயிற்று. 1912-இல் டென்மார்க்கின் ஸெலாண்டியா கப்பல் டீஸல் எஞ்சின்களால் பாங்காக் வரை சென்று திரும்பி உலகை வியக்க வைத்தது. லாரிக்குரிய சிறு எஞ்சினையும் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் முயன்றார். மேட்டிலும் பள்ளத்திலும் வேகம் மாறும்தோறும் எண்ணெயின் அளவும் மாற வேண்டுமன்றோ? அஃது அவர் காலத்தில் கைகூடவில்லை.

வெளியே புகழ், உள்ளே கடன். மூனிச்சில் அரண்மனை போன்ற மாளிகை கட்டினார். நிலங்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பணத்தை இட்டு இழந்தார். 1912-ஆம் ஆண்டு இறுதியில் தம் எஞ்சின் பிறந்த கதையை அறிஞர் சபையொன்றிலே எடுத்துரைத்தபோது, பேராசிரியர் சிலர் எழுந்து, முதற் பேடண்டிலே கூறிய முறை வேறு, ஓடுகின்ற எஞ்சின் வேறு என்று தாக்கினர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உஷ்ணம் ஏறாமலே எரியச் செய்வதென்ற முதல் எண்ணத்தை அவர் கைவிட்டது மெய்யே. ஆக்ஸ்பர்க் எஞ்சினியர்களின் உழைப்பும் பெரிதே. ஆயினும் ஐந்தாண்டுகள் தோல்வியின் நடுவே நின்று அதனை ஓடச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு அப்பேராசிரியர்கள் விடை கூறவில்லை என்பதே நமது எண்ணம்.

1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலேறினார். நண்பர் இருவருடன் உணவருந்திப் பேசியிருந்து, இரவு பத்து மணியளவில், காலை ஆறேகாலுக்குத் தம்மை எழுப்புமாறு பணித்துவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கை கலையவில்லை, இரவுடை எடுத்து வைத்தபடியே இருந்தது. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் கிடந்தன. சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகொன்றின் மாலுமிகள் கடலிலே ஓர் உடலைக் கண்டு, அதனிடமிருந்த சிறு பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலை மீண்டும் கடலிலேயே விட்டனர். கண்ணாடிக்கூடு முதலிய அப்பொருள்கள் தந்தையாருடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் கூறினார். ஒற்றர்களின் கொலை என்றும், எண்ணெய் முதலாளிகளின் சூழ்ச்சி என்றும் கதை கட்டியவர் பலர். வறண்டுபோன பாங்கிக் கணக்குகளும், நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேரே இடப்பட்டிருந்த சிலுவைக் குறியும் வேறு கதை சொல்லுகின்றன. நாம் அதனையே நம்புகிறோம்.

அவர் விட்டுச்சென்ற முடிச்சு பிறரால் அவிழ்க்கப்பட்டது. பிராஸ்பர் லோரஞ்ச் 1909-இலேயே முன்னறை வைத்த எஞ்சினுக்கு வழிகண்டிருந்தார். 1920-ஆம் ஆண்டுகளில் பென்ஸ், மான் கம்பெனியாரின் டீஸல் லாரிகள் சாலைக்கு வந்தன. ராபர்ட் பாஷ் தொழிற்சாலை 1927-இல் எண்ணெயைத் துளிகூடப் பிசகாமல் அளந்து தள்ளும் பம்பை ஏராளமாகச் செய்யத் தொடங்கிற்று. காற்றமுக்கி மறைந்தது, எஞ்சின் வண்டியில் ஏறும் அளவுக்குச் சிறுத்தது. ஆனால் அந்தப் பம்பு எண்ணெயையே தள்ளவல்லது, காற்றையன்று. எண்ணெய் அமுங்காது, காற்றோ அமுங்கிக் கொடுக்கும். குழாயிலே ஒரு குமிழி இருந்தால், பம்பின் விசை முழுவதும் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகி, நாசிலின் ஊசி திறவாது.

நமது வண்டியின் நோயும் அதுவே. டாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயிலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. அப்பகுதியில் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறதாகையால், வெளியே ஒரு சொட்டும் கசியாமல் காற்று மட்டும் உள்ளே புகுந்து, இரவில் எண்ணெய் முழுவதும் டாங்கிக்கே திரும்பிவிட்டது. மெக்கானிக் குழாயை மாற்றினார். பில்டரின் அடியில் தங்கியிருந்த மழைநீரை வடித்தார். நுரை நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அமுக்கித் திருகை இறுக்கினார். பின்பு நாசில் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் துளிர்த்ததும் ஒவ்வொன்றாக முடுக்கினார். அவ்விடத்தில் ஆர்வத்தால் கையை நீட்டிய மாணவர் ஒருவரை அவர் கடிந்து விலக்கியதும் நன்றே. அவ்வழுத்தத்தில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு வெண்புகை எழுந்தது; இருமுறை தடுமாறி எஞ்சின் ஓடத் தொடங்கிற்று.