மலோரியின் சட்டையில் இருந்த பெயர்

ஜோர்ஜ் மலோரியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: 1924இல் அவர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டாரா, இல்லையா? அவரது வாழ்க்கையைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கேள்வி அல்ல. அவரோடு ஏறி இறந்தவர்களும், அவருக்காகக் காத்திருந்தவர்களுமே.

1886இல் இங்கிலாந்தின் செஷயரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து ஆசிரியரானார். 1914இல் ரூத்தை மணந்தார், மூன்று பிள்ளைகள். முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையோடு சோம் போர்க்களத்தில் நின்று உயிரோடு திரும்பினார். 1921இல் எவரெஸ்டுக்கு வழி தேடிச் சென்ற முதலாவது பிரித்தானியக் குழுவிலும் இருந்தார்.

1922 ஜூன் 7. அதற்கு முந்திய நாட்களில் கடும் பனி கொட்டியிருந்தது. ஆனாலும் மலோரி, இன்னும் இரு பிரித்தானியர், 14 சுமைதூக்கிகள் என 17 பேர் மலையின் வடக்குக் கணவாயை நோக்கி ஏறினார்கள். சரிவு உடைந்தது. ஒன்பது சுமைதூக்கிகள் பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டிக் கீழிருந்த பிளவுக்குள் வீசப்பட்டனர். இருவரை மட்டுமே உயிரோடு மீட்க முடிந்தது. இறந்த ஏழு பேரில் ஒருவர்கூடப் பிரித்தானியர் இல்லை. மலோரி அந்தப் பழியைத் தன்மீதே சுமந்தார். முகாமருகே அவர்களின் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது. மலோரியைப் பற்றி நூல்கள் குவிந்துகிடக்கின்றன. அந்த ஏழு பெயர்களையும் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே.

இரண்டு ஆண்டுகளில் அவர் மீண்டும் அதே மலைக்குப் போனார். 1924 ஜூன் 8 பிற்பகல் 12.50 அளவில், மேகம் சற்று விலகியபோது, மலோரியும் 22 வயது அன்ட்ரூ ஏர்வினும் மேலே நகர்வதை நோயல் ஓடெல் கண்டார். அதன்பின் அவர்களை எவரும் காணவில்லை. ரூத்துக்குத் தந்திதான் வந்தது, உடல் வரவில்லை. 1942இல் அவர் இறக்கும்வரை கணவர் எங்கே கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

1999 மே 1ஆம் திகதி, 8,150 மீற்றருக்கு மேலே, தேடுதல் குழுவொன்று உடலொன்றைக் கண்டது. கால் முறிந்திருந்தது, இடுப்பில் அறுந்த கயிறு. ஏர்வின் என்றே முதலில் நினைத்தார்கள். சட்டையில் தைத்திருந்த பெயர்ச்சீட்டுத்தான் அது மலோரி என்று காட்டியது. உடுப்பை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது என்னவென்று எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூத்த மகள் கிளேயாருக்கு அப்போது 83 வயது. தந்தையை இழந்தபோது எட்டு. உடலை அங்கேயே கற்களால் மூடிப் பிரார்த்தனை செய்து அடக்கம் செய்தார்கள்.

2024 செப்டெம்பரில், எவரெஸ்டின் வடபுறப் பனியாற்றில் சப்பாத்து ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு பாதம். காலுறையில் ஏர்வினின் பெயர் தைக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனாலும் அவரது குடும்பத்தினர் மரபணுச் சோதனைக்குத் தமது மாதிரிகளைக் கொடுக்க முன்வந்தார்கள்.