உளைச்சலுக்கு உடலில் தடயம் கண்டவர்

போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் அம்மாவுக்கு நித்திரையில்லை, வயிற்றெரிவும் விடவில்லை. எல்லாம் யோசனையால் வருவது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில்தான் ஹான்ஸ் செலியேயைப் பற்றித் தேடி வாசித்தேன்.

1907இல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை ஹங்கேரிய இராணுவ மருத்துவர். வளர்ந்த கொமாரோம் நகரை முதலாம் உலகப் போருக்குப் பின் வந்த எல்லைக்கோடு இரண்டாகப் பிரித்தது. பிராக்கில் மருத்துவம் படிக்கையில் ஒன்றைக் கவனித்தார்: நோய் எதுவானாலும் நோயாளிகள் ஒரேமாதிரிக் களைத்து, பசியிழந்து, மெலிந்திருந்தார்கள்.

பின்னர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் குளிராலும் காயத்தாலும் நஞ்சாலும் வருத்திப் பார்த்தார். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பருத்தது. நோயெதிர்ப்புக் கலங்கள் முதிரும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. 1936இல் இதை நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டார். உடல் முதலில் அதிர்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, கடைசியில் ஓய்ந்துபோகிறது என்றார். அட்ரினல் சுரக்கும் கோர்ட்டிசோல் ஆபத்து நேரத்தில் உயிர்காக்கும். ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நோயெதிர்ப்பைக் குலைக்கும்.

1956 ஹங்கேரிய எழுச்சியின்போது அவரது தாய் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார். அவரிடம் குறையும் உண்டு: புகையிலைக் கம்பனிகளிடம் ஆய்வுப் பணம் வாங்கினார். 1982இல் மொன்றியலில் இறந்தார். அதே ஆண்டில்தான் இரைப்பைப் புண்ணுக்குப் பின்னாலிருந்த கிருமியை அவுஸ்திரேலியாவில் இருவர் வளர்த்துக் காட்டினர்.

ஆகவே அம்மாவின் வயிற்றையும் பரிசோதிக்க வேண்டும்; அவர் பட்டதையும் கேட்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தட்டிக்கழிக்க இனி விடமாட்டேன்.