காதல் நாவல் எழுதிய கதாநாயகி

நமது பாடசாலை மேடையில் மீசை வரைந்துகொண்டு அரசனாக நின்ற ஒவ்வொரு பழைய மாணவிக்கும் ரி. பி. ராஜலக்ஷ்மியைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

1911இல் திருவையாற்றில் பிறந்தார். பால்ய விவாகம் நிலைக்கவில்லை, தகப்பனாரும் காலமானார். பிழைப்புக்காகச் சிறுவயதிலேயே திருச்சியில் நாடகக் கம்பனியில் சேர்ந்தார். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியானார். அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னாராம்!

நான் பெரிதாக எண்ணுவது அவருடைய ‘கமலவல்லி’ என்ற காதல் நாவலைத்தான். ஒருவனை நேசித்து, வேறொருவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்படும் பெண்ணின் கதை. தமது சம்மதத்தை எவரும் கேளாமலே மணவறையில் அமர்த்தப்பட்டவர் எழுதியது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து, படிப்பை இடையில் நிறுத்திக் கலியாணம் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகள் என் கிளினிக்குக்கு வருகையில் அந்தக் கமலாவை நினைத்துக்கொள்வேன்.

1936இல் அந்நாவலையே ‘மிஸ் கமலா’ என்று தாமே தயாரித்து, இயக்கி, நாயகியாகவும் நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே. மகளுக்கும் கமலா என்றே பெயர் சூட்டினார்.

1964இல் மறைந்தார். ‘மிஸ் கமலா’வின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.