ஜனாதிபதியை எதிர்த்த கவிஞர்: விக்டர் ஹியூகோ

சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரால் தமிழாக்கித் தந்த நவீனத்தைப் படித்தவர்களுக்கும், 1950ஆம் ஆண்டிலே அது திரைப்படமாக வந்தபோது கண்டு கண்ணீர் விட்டவர்களுக்கும் விக்டர் ஹியூகோ புதியவர் அல்லர். எனினும், மூலநூல் 1862இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் தம் தாய்நாடாகிய பிரான்சிலே கால் வைக்க மறுத்தவராய், ஆங்கிலக் கால்வாயிலுள்ள சிறு தீவொன்றில் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதைப் பலர் அறியார். பெருவாரியான வாக்குகளால் தெரிவு செய்யப்பட்ட ஜனாதிபதி ஒருவரை எதிர்த்தமையே அவர் செய்த குற்றம். அந்த ஜனாதிபதியின் வெற்றியை முன்னர் விரும்பி வேண்டியவர்களுள் ஹியூகோவும் ஒருவர் என்பதே இவ்வரலாற்றின் விசித்திரம்.

ஹியூகோ 1802ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26ஆந் திகதி பெசான்சோன் நகரிலே பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படைத்தலைவர்களுள் ஒருவர்; தாயாரோ மன்னர் குலத்தின்பால் சாய்வுடையவர். இளமையிலே தாயின் வழியே நின்ற கவிஞருக்குப் பதினெட்டாம் லூயி மன்னர் 1822இல் மானியம் வழங்கினார். ஆயினும், 1829இல் அவருடைய நாடகமொன்றை அரசு தடை செய்து, அதற்கு ஈடாக மானியத்தை உயர்த்த முன்வந்தபோது, கவிஞர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். வாயை மூடுவதற்குக் கூலி பெறும் வழக்கம் அவரிடத்தில் இருக்கவில்லை. பின்னர் லூயி பிலிப் மன்னர் காலத்தில், 1845இலே, மேற்சபையில் அவருக்கு இடம் கிடைத்தது.

1848 பெப்ரவரியில் மூண்ட புரட்சியினால் மன்னராட்சி வீழ்ந்தது; குடியரசு மலர்ந்தது; ஆண்கள் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஹியூகோ அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சபைக்குத் தெரிவானார். அம்மாதமே பாரிஸ் நகரத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது அவர் அரசின் பக்கமே நின்றார். புதிய அரசியல் யாப்பு வாக்குக்கு விடப்பட்டபோது, ஒரே சபை கொண்ட ஆட்சிமுறை ஆபத்தானது என்று கருதி, எதிர்த்து வாக்களித்த முப்பது பேருள் அவரும் ஒருவரானார். அந்த யாப்பைக் காப்பதற்காகவே மூன்றாண்டின் பின் தம் உயிரைப் பணயம் வைக்கப் போகின்றார் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

ஜனாதிபதித் தேர்தல் 1848 டிசம்பரில் நடைபெற்றது. நெப்போலியனின் சகோதரர் மகனான லூயி நெப்போலியன் ஏறத்தாழ 54 இலட்சம் வாக்குகளைப் பெற்றார். அவரோடு போட்டியிட்ட தளபதி கவேஞாக் 14 இலட்சம் வாக்குகளையே பெற்றார். கவிஞர் லமார்த்தீனுக்குக் கிடைத்தவை இருபதினாயிரத்துக்கும் குறைவு. வறுமையை ஒழிப்பது பற்றி நூல் எழுதியவர், சிறையிலிருந்து துன்பம் கண்டவர் என்பதால் ஹியூகோவும் லூயி நெப்போலியனை நம்பினார். ஹியூகோவின் புதல்வர்கள் நடத்திய பத்திரிகையும் அவரை ஆதரித்தது. டிசம்பர் 20ஆந் திகதி புதிய ஜனாதிபதி குடியரசுக்கும் அரசியல் யாப்புக்கும் உண்மையாயிருப்பதாகச் சபையின் முன் சத்தியம் செய்தார். பதவிக்காலம் நான்கு ஆண்டு. தொடர்ந்து மறுமுறை போட்டியிடுவதற்கு யாப்பிலே இடமில்லை.

நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. பிரெஞ்சுக் குடியரசின் படை 1849இல் உரோமாபுரிக்குச் சென்று, அங்கே தோன்றியிருந்த சகோதரக் குடியரசை அழித்தது. அவ்வாண்டு ஜூலையிலே, வறுமை ஒழிக்கப்படக் கூடியதே என்று ஹியூகோ சபையில் வாதாடியபோது அவருடைய கட்சியினரே முகஞ் சுளித்தனர். ஒக்டோபரில் உரோமாபுரி விவகாரம் பற்றிப் பேசியதோடு அவருக்கும் வலதுசாரிகளுக்கும் இடையிலான உறவு முறிந்தது. 1850 மே மாதத்தில் வந்த சட்டமோ, ஓரிடத்தில் மூன்றாண்டு தொடர்ந்து வசியாதவருக்கு வாக்கில்லை என்று விதித்தது. வேலை தேடி ஊர் ஊராக அலையும் ஏழைகளே இதனாற் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வாக்கை இழந்தனர். மக்களின் வாக்கால் வந்த ஜனாதிபதியின் அமைச்சர்களே மக்களின் வாக்கைப் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். ஹியூகோ அதனைக் கடுமையாக எதிர்த்தார்.

அப்போது அவர்மீது இரு குற்றச்சாட்டுக்கள் எழுந்தன. மக்கள் தெரிந்தெடுத்த தலைவரை எதிர்ப்பது மக்களையே எதிர்ப்பதாகும் என்பது ஒன்று. மன்னர்களைப் பாடியவர், மேற்சபையில் அமர்ந்தவர், ஜனாதிபதியை ஆதரித்தவர், இன்று மாறிப் பேசுவது போலித்தனம் என்பது மற்றொன்று. மந்திரிப் பதவி கிட்டாத ஏமாற்றமே காரணம் என்றும் சிலர் தூற்றினர். அவர் பல முறை மாறியவர் என்பது உண்மையே. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவன் மாறினான் என்பது மட்டும் அவனைப் போலியாக்கிவிடாது. அம்மாற்றத்தால் அவன் பெற்றது யாது, இழந்தது யாது என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அக்கணக்கு விரைவிலேயே தெளிவாயிற்று. 1851 ஜூனிலே, மரண தண்டனையைக் கண்டித்து எழுதியமைக்காக மூத்த புதல்வர் சாள்ஸ் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நீதிமன்றத்திலே தந்தையே எழுந்து மகனுக்காக வாதாடியும் பயனில்லை. செப்டெம்பரில் இளைய புதல்வருக்கும் தண்டனை கிடைத்தது, பத்திரிகையும் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, ஜனாதிபதி மீண்டும் பதவி வகிக்க இடமளிக்கும் யாப்புத் திருத்தம் ஜூலையிலே சபைக்கு வந்தது. ஹியூகோ கூச்சலுக்கும் குறுக்கீட்டுக்கும் நடுவே நின்று அதனை எதிர்த்து நீண்ட நேரம் பேசினார். ஆதரவாக 446 வாக்குகளும் எதிராக 278 வாக்குகளும் விழுந்தன. நான்கில் மூன்று பங்கு வேண்டியிருந்தமையால் திருத்தம் தோற்றது.

சட்டத்தால் முடியாததை ஜனாதிபதி துப்பாக்கியால் முடித்தார். 1851 டிசம்பர் 2ஆந் திகதி விடியுமுன் படைகள் சபையைக் கைப்பற்றின. எதிர்க்கட்சித் தலைவர்கள் படுக்கையிலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டனர். சத்தியத்தை மீறியவர் வெளியிட்ட அறிக்கையோ, பறிக்கப்பட்ட வாக்குரிமையை மக்களுக்கு மீட்டுக் கொடுப்பதாகக் கூறியது! தம் அமைச்சர்கள் பறித்ததைத் தாமே திருப்பிக் கொடுத்துப் புண்ணியம் தேடிய இந்த இரட்டை வேடத்துக்கு ஈடு காண்பது அரிது.

ஹியூகோ தோழர்களோடு சேர்ந்து எதிர்ப்பை ஒழுங்கு செய்தார். 3ஆந் திகதி போதன் என்னும் பிரதிநிதி தெருத்தடையின்மேல் சுடப்பட்டு இறந்தார்; மறுநாள் பெருவீதிகளில் வழிப்போக்கரும் சுட்டு வீழ்த்தப்பட்டனர். 11ஆந் திகதி இரவு, தொழிலாளி வேடத்தில், வேறொருவர் பெயர் கொண்ட கடவுச்சீட்டோடு, கவிஞர் பிரசெல்சுக்குப் புகையிரதம் ஏறினார். புதல்வர் இருவரும் அப்போது சிறையிலே இருந்தனர்.

அம்மாத இறுதியில் நடந்த வாக்கெடுப்பிலே ஏறத்தாழ 74 இலட்சம் பேர் ஜனாதிபதியின் செயலை ஆமோதித்தனர். இத்தனை பேர் ஒப்பியபின் தனியொருவன் எதிர்ப்பதற்கு என்ன உரிமை என்று கேட்டவர்களுக்கு, 1852இல் வெளியான ‘சிறிய நெப்போலியன்’ என்ற நூலாலே அவர் விடை கொடுத்தார். எதிர்ப்போர் சிறையிலும் பத்திரிகைகள் கட்டிலும் இருக்கையில் எடுக்கும் வாக்கு சுதந்திர வாக்காகாது. சுதந்திரமாக அளித்த வாக்கும் குற்றத்தை நியாயமாக்காது என்பதே அதன் சாரம். சிற்றளவில் அச்சிடப்பட்ட அந்நூல் இரகசியமாகப் பிரான்சுக்குட் சென்றது. அவ்வாண்டு டிசம்பரிலே ஜனாதிபதி சக்கரவர்த்தியானார்.

ஜேர்சித் தீவிலே தங்கிய கவிஞர் 1855இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டுக் கேர்ன்சித் தீவை அடைந்தார். 1859இலே சக்கரவர்த்தி பொதுமன்னிப்பு அறிவித்தார். பலர் திரும்பினர், ஹியூகோ மறுத்தார். சுதந்திரம் திரும்பும் நாளிலேதான் தாமும் திரும்புவதாக உறுதி கொண்டார். 1870 செப்டெம்பர் 4ஆந் திகதி சாம்ராச்சியம் சரிந்தது. மறுநாளே அவர் பாரிஸ் சேர்ந்தார். அவருடைய அஞ்ஞாதவாசம் பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது.

பின்னர், தாம் ஆதரியாத பாரிஸ் கொம்யூன் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கும் மன்னிப்பு வேண்டும் என்று 1876 முதல் மேற்சபையிலே வாதாடினார்; 1880இல் அது வழங்கப்பட்டது. 1885 மே 22ஆந் திகதி அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்திலே பாரிஸ் நகரமே திரண்டது.

தேர்தலில் வென்றவருக்குக் கிடைப்பது குறித்த காலத்துக்கு, குறித்த எல்லைக்குள், ஆளும் உரிமை. தோற்றவனின் நாவும், வாக்களித்துவிட்டு மனம் வருந்துபவனின் நாவும் அவ்வெற்றியோடு அவருக்குச் சொந்தமாவதில்லை. ஆதரித்தவரே எதிர்க்கலாம், சத்தியம் மீறப்படும்போது எதிர்த்தே ஆகவேண்டும். இவ்வுண்மையைக் காப்பதற்கு விக்டர் ஹியூகோ தம் வாழ்நாளில் பத்தொன்பது ஆண்டுகளை விலையாகக் கொடுத்தார்.