ஏ. கே. கோபாலன்
ஏ. கே. கோபாலன் (அக்டோபர் 1, 1904 - மார்ச் 22, 1977) இந்தியப் பொதுவுடைமை இயக்கத் தலைவர்களுள் ஒருவர். ஏ. கே. ஜி. என்று பரவலாக அறியப்பட்டவர். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிய பின் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1941 இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பினார்.

தடுப்புக்காவல் வழக்கு

1947 டிசம்பரில் கைதான கோபாலன், தமக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் நீக்கப்பட்ட பின்னும் விடுவிக்கப்படவில்லை. 1948 இல் இவரது கட்சி ஆயுதப் போராட்டப் பாதையை ஏற்றிருந்தது. அரசின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் 1950 பிப்ரவரியில், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில் இயற்றப்பட்டது. மார்ச் 1 அன்று அச்சட்டத்தின்கீழ் இவர்மீது புதிய ஆணை பிறப்பிக்கப்பட்டது.

கோபாலன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். மே 19, 1950 இல் ஆறு நீதிபதிகளுள் நால்வர் மனுவைத் தள்ளுபடி செய்தனர். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என ஆராய வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையினரின் கருத்து. பசல் அலி, மகாஜன் ஆகியோர் மாறுபட்டனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற 14 ஆம் பிரிவு மட்டும் செல்லாததாக்கப்பட்டது.

பிற்காலம்

1951 இல் விடுதலையாகி, 1952 இல் மக்களவை உறுப்பினரானார். 1964 முதல் மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தார். 1975 இல் நெருக்கடி நிலையை மக்களவையில் எதிர்த்தார்.

சட்டத்தின் நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் தீர்ப்பளித்தது 1978 சனவரியில். கோபாலன் இறந்து பத்து மாதங்கள் கடந்திருந்தன. தடுப்புக்காவலை அனுமதிக்கும் 22 ஆம் உறுப்புரை இன்றும் அரசியலமைப்பில் உள்ளது.